ஸ்லைடில் பாதி, வீட்டில் பாதி

மருத்துவமனையில் நோயாளிகள் ஏறிவராத ஒரு மாடி உண்டு. பேதாலஜி லேப் இருக்கும் மாடி. என் உத்தியோக காலம் முழுக்க அங்கேதான் கழிந்தது. பதவியின் பெயர் டெக்னீஷியன். டாக்டர் மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்க்கும் ஸ்லைடைச் செய்து கொடுப்பது வேலை. ஆரம்பத்தில் வருகிற திசு எல்லாம் வெட்டினேன்: குடல்வால், கர்ப்பப்பை, மார்பகக் கட்டி. பிறகு நரம்பு நோயியல் பிரிவுக்கு மாற்றினார்கள். அதற்கப்புறம் மூளை ஒன்றுதான்.

கல்யாண வீட்டுப் பந்தியில் யாராவது என்ன வேலை என்று விசாரித்துப் பதில் சொல்லிவிட்டால், அடுத்த கேள்வி அநேகமாக இப்படித்தான் வரும்: "எங்க மாமியாருக்கு ரொம்ப மறதி சார். மூளைக்குள்ள என்னதான் ஆகுது?" மறதிக்குக் காரணம் அல்சைமர் நோய் என்றால், சுருக்கமான பதில் இது. இரண்டு புரதங்கள் கரையாத வடிவத்துக்கு மாறி மூளையில் சேர்கின்றன. நரம்பு செல்களுக்கு வெளியே அமிலாய்டு பீட்டா; உள்ளே டௌ. செல்களுக்கு இடையிலான இணைப்புகள் அறுந்து, செல்கள் செத்து, மூளை சுருங்குகிறது. நீளமான பதிலை, லேப்பில் நான் பார்த்த வரிசையிலேயே சொல்கிறேன்.

எடுத்த கையோடு மூளை கொழகொழவென்று இருக்கும். தட்டில் வைத்தால் தன் எடையிலேயே அமுங்கிச் சப்பையாகிவிடும். கத்தி வைக்க முடியாது. அதனால் அடிப்பக்கம் ஓடும் பேசிலார் தமனிக்குக் கீழே ஒரு நூலைக் கோத்து, பார்மலின் நிரப்பிய வாளியில் தலைகீழாகத் தொங்க விடுவோம். 10 சதவீதப் பார்மலின். மூளை வாளியின் அடியைத் தொடக் கூடாது, பக்கவாட்டிலும் உரசக் கூடாது. இரண்டு மூன்று வாரத்தில் வெட்டும் பதத்துக்கு இறுகிவிடும்.

வெட்டும் நாளில் முதல் வேலை எடை பார்ப்பது. டாக்டர் சொல்லச் சொல்ல ரிஜிஸ்டரில் எழுதுவேன். வளர்ந்த ஒருவரின் மூளை ஏறக்குறைய 1200 முதல் 1400 கிராம் இருக்கும். அல்சைமர் முற்றியவரின் மூளை 1000 கிராமுக்குக் கீழேகூட இறங்கும். மேலே போர்த்தியிருக்கும் மெல்லிய சவ்வை உரித்தால் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். மடிப்புகள் மெலிந்திருக்கும். மடிப்புகளுக்கு நடுவே இருக்கும் பள்ளங்கள் அகன்று, விரல் நுனி போகிற அளவுக்கு வாய் பிளந்திருக்கும்.

பிறகு நீளக் கத்தியால் ஒரு சென்டிமீட்டர் கனத்தில் துண்டு போட்டுத் தட்டில் வரிசையாக அடுக்குவார் எங்கள் பெரிய டாக்டர். உள்ளே திரவம் நிற்கும் அறைகள் பெருத்திருக்கும். காதுக்கு உள்பக்கமாக, பொட்டு மடலின் அடியில் இருக்கும் ஹிப்போகேம்பஸ் சுருங்கியிருக்கும். இன்றைக்குக் காலையில் நடந்ததை நாளைக்கு நினைவில் வைக்க உதவும் பகுதி அது. கடைசியாக மூளைத்தண்டு. அதில் இரண்டு கறுப்பு இடங்களை டாக்டர் தேடுவார். ஒன்று சப்ஸ்டான்ஷியா நைக்ரா, இன்னொன்று லோகஸ் செருலியஸ். பார்க்கின்சன் நோயில் இரண்டுமே வெளுத்துவிடும். அல்சைமர் என்றால் பொதுவாக முதலாவது கறுப்பாகவே இருக்கும், இரண்டாவது மட்டும் வெளுத்திருக்கும். ஸ்லைடு போடுவதற்கு முன்னாலேயே நோயின் பெயரைப் பாதி சொல்லிவிடும் அடையாளம் அது.

துண்டுகளிலிருந்து குறிப்பிட்ட இடங்களைத் தபால்தலை அளவுக்கு நறுக்கி கேசட்டில் போடுவோம். ஹிப்போகேம்பஸ், அதை ஒட்டிய என்டோரைனல் பட்டை, நெற்றிப் பகுதி, பொட்டுப் பகுதி, உச்சிப் பகுதி, பார்வைக்கான பின்பகுதி, அமிக்டலா, மூளைத்தண்டு, சிறுமூளை. இரவு முழுக்க ஆல்கஹால், சைலீன், உருக்கிய பாரஃபின் மெழுகு என்று மெஷினில் மாறி மாறி முங்கி, காலையில் மெழுகுக் கட்டியாக வெளியே வரும். அதைத்தான் பிளாக் என்கிறோம்.

பிளாக்கை மைக்ரோடோமில் பூட்டிச் சக்கரத்தைச் சுற்றினால், ஒரு சுற்றுக்கு ஒரு சீவல் என்று ரிப்பனாக வந்துகொண்டே இருக்கும். சாதாரண ஸ்டெயினுக்கு 5 மைக்ரான் கனம். வெள்ளிச் சாயத்துக்கு 8 முதல் 10. மைக்ரான் என்றால் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. ரிப்பன் எடுக்கும்போது மின்விசிறியை அணைத்துவிட வேண்டும். ஓங்கித் தும்மினால்கூடப் பறந்துவிடும். சென்னையில் மே மாதம் மெழுகு இளகி ரிப்பன் சுருட்டிக்கொள்ளும். பிளாக்கை ஐஸ் கட்டியின் மேல் கவிழ்த்து வைத்து வைத்து வெட்டுவோம். வேர்வை சொட்டும், விசிறி போட முடியாது. இந்த வேலையில் சேருகிற பையன்கள் முதலில் கற்றுக்கொள்வது வேர்வையோடு உட்காருவதைத்தான்.

நான் ரசித்துச் செய்த வேலை பீல்ஷோவ்ஸ்கி வெள்ளிச் சாயம். ஜெர்மனியின் மாக்ஸ் பீல்ஷோவ்ஸ்கி 1900களின் தொடக்கத்தில் கொண்டுவந்த முறை. முதல் விதி கண்ணாடிச் சாமான் சுத்தம். ஆசிட்டில் ஊறப் போட்டு, டிஸ்டில்டு வாட்டரில் பலமுறை அலச வேண்டும். குழாய்த் தண்ணீர் ஒரு சொட்டு சேர்ந்தாலும் அதிலிருக்கும் குளோரைடு உப்பு வெள்ளியைப் பிடித்துக்கொண்டு பால் மாதிரி திரியும். அன்றைய வேலை போயிற்று. உலோக இடுக்கி தொடக் கூடாது, பிளாஸ்டிக்தான்.

ஸ்லைடுகளை 20 சதவீத வெள்ளி நைட்ரேட் கரைசலில் இருட்டில் வைப்போம். அலமாரிக் கதவைச் சாத்தி, மேலே ஒரு கறுப்புத் துணி. எடுத்த பிறகு, மிச்சக் கரைசலில் அம்மோனியாவைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். முதலில் பழுப்பாகக் கலங்கும். குலுக்கிக்கொண்டே மேலும் விட்டால் ஒரு கட்டத்தில் கலங்கல் தெளியும். தெளிகிற அந்தச் சொட்டோடு நிறுத்த வேண்டும். அதிகமானால் சாயம் பிடிக்காது. அந்தக் கரைசலில் ஸ்லைடுகள் மறுபடி இருட்டில் ஊறும். பிறகு பார்மலின் கலந்த டெவலப்பரைச் சில சொட்டு விட்டதும் கண் முன்னாலேயே திசு மஞ்சளாகி, பொன்னிறமாகி, பழுப்பாகும். ஒவ்வொரு ஸ்லைடாக எடுத்து ஈரத்தோடு மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்த்து, நரம்பு இழைகள் கறுத்துத் தெரிந்ததும் ஹைப்போவில் போட்டு நிறுத்துவோம். எல்லாம் முடிந்த பிறகு மிஞ்சிய அம்மோனியா வெள்ளிக் கரைசலை ஒருநாளும் மூடி வைக்கக் கூடாது. காய்ந்தால் வெடிக்கும். உப்புக் கரைசல் ஊற்றிச் செயலிழக்கச் செய்துவிட்டுத்தான் வீட்டுக்குக் கிளம்ப வேண்டும்.

நன்றாக வந்த ஸ்லைடில் இரண்டு விஷயம் தெரியும். செல்களுக்கு நடுவே, பழுப்புக் கறையாக வட்டம் வட்டமாக இருப்பவை பிளேக் எனப்படும் அமிலாய்டு படிவுகள். சிலவற்றுக்கு நடுவில் அடர்ந்த கரு இருக்கும். அதைச் சுற்றி வீங்கி முறுக்கிக்கொண்ட நரம்பு இழைகள். நரம்பு செல்லுக்கு உள்ளேயே, செல்லின் வடிவத்தை நிரப்பிக்கொண்டு கன்னங்கரேலென்று சுடர் வடிவில் நிற்பவை டேங்கிள் எனப்படும் டௌ முடிச்சுகள். செல் செத்துக் கரைந்த பிறகும் முடிச்சு மட்டும் அதே வடிவில் கிடக்கும். அவற்றைப் பேய் முடிச்சு என்போம். முற்றிய நோயில் ஹிப்போகேம்பஸின் சில இடங்களில் உயிருள்ள செல்களைவிடப் பேய் முடிச்சுகளே அதிகம் கண்ணில் படும்.

இவை எங்கிருந்து வருகின்றன? நரம்பு செல்லின் உறையில் ஏ.பி.பி. என்ற நீளமான புரதம் இருக்கிறது. அதற்கான மரபணு 21ஆம் குரோமோசோமில் உள்ளது. பீட்டா செக்ரிடேஸ், காமா செக்ரிடேஸ் என்ற இரண்டு நொதிகள் அதை அடுத்தடுத்து வெட்டும்போது சுமார் 40 அமினோ அமிலம் நீளமுள்ள ஒரு துண்டு விழுகிறது. இரண்டு அமினோ அமிலம் கூடுதலாக, 42 நீளத்தில் விழும் துண்டு ஒட்டும் குணம் உள்ளது. ஒன்றோடொன்று சேர்ந்து கரையாத இழையாகிவிடும். டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களுக்கு 21ஆம் குரோமோசோம் மூன்று இருப்பதால், நடுத்தர வயதிலேயே மூளையில் அமிலாய்டு நிறைந்துவிடுகிறது.

டௌ கதை வேறு. நரம்பு செல்லின் நீண்ட வாலுக்குள் சத்தும் சரக்கும் போய்வர நுண்குழாய்கள் இருக்கின்றன. கட்டடத்தின் சாரத்தில் மூங்கில்களைக் கட்டி நிறுத்தும் கயிறு எப்படியோ, அப்படி இந்தக் குழாய்களைக் கட்டி நிறுத்துவது டௌ. அதன்மேல் பாஸ்பேட் அளவுக்கு மீறி ஏறினால் கயிறு அவிழ்ந்து, தனியே முறுக்கிச் சுருண்டு முடிச்சாகிறது. சாரமும் சரிகிறது. அமிலாய்டு பீட்டாவைப் பிரித்தெடுத்து அடையாளம் கண்டவர்கள் கிளென்னரும் வோங்கும், ஆண்டு 1984. முடிச்சுகளில் இருப்பது டௌ என்று தெரிந்தது 1980களின் நடுவில். வெள்ளியில் பார்க்கத் தொடங்கி எண்பது வருடம் கழித்துத்தான் பார்த்துக்கொண்டிருந்தது என்ன பொருள் என்பதே தெரிந்திருக்கிறது.

முடிச்சுகளை முதலில் விவரித்தவர் அலாய்ஸ் அல்சைமர். 1901இல் பிராங்பர்ட் மனநல மருத்துவமனையில் ஆகுஸ்டே டீட்டர் என்ற 51 வயதுப் பெண்மணி சேர்க்கப்பட்டார். தன் பெயரைக்கூட முழுதாக எழுத முடியாத மறதி. அவரை உட்கார வைத்துக் கேள்வி கேட்டு, சொன்ன பதில்களை அப்படியே எழுதிவைத்தார் அல்சைமர். 1906 ஏப்ரலில் ஆகுஸ்டே இறந்ததும் மூளை மியூனிக் நகருக்குப் போயிற்று. அல்சைமர் அப்போது அங்கே கிரேப்பெலினின் ஆய்வகத்தில் இருந்தார். புதிதாக வந்திருந்த பீல்ஷோவ்ஸ்கி சாயத்தைப் போட்டுப் பார்த்ததை அதே ஆண்டு நவம்பர் 3ஆம் தேதி டியூபிங்கன் கூட்டத்தில் பேசினார். கேட்டவர்கள் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அதே காலத்தில் பிராக் நகரில் ஆஸ்கர் பிஷர் முதியோர் மறதி நோயாளிகள் பலரின் மூளையில் பிளேக்குகளைக் கண்டு 1907இல் எழுதினார். நோய்க்கு அல்சைமர் பெயரை 1910இல் தன் பாடநூலில் வைத்தவர் கிரேப்பெலின்.

அல்சைமர் பார்த்த இன்னொரு நோயாளியும் உண்டு, யோஹான் எப். என்று பதிவாகியிருப்பவர். அவர் மூளையில் பிளேக் நிறைய, முடிச்சு இல்லை என்று அல்சைமரே 1911இல் எழுதினார். 1990களில் மியூனிக்கில் பழைய ஸ்லைடுகளைத் தேடி எடுத்து மறுபடி பார்த்தார்கள். இரண்டு பேர் விஷயத்திலும் அவர் சொன்னது சரியாகவே இருந்தது. ஆக, படிவும் முடிச்சும் எப்போதும் ஜோடியாக வராது என்பது தொடக்கத்திலேயே தெரிந்த சங்கதி. எங்கள் தொழிலின் சிக்கலே அங்கேதான்.

ஒரு கணக்காளரின் மூளை எங்களிடம் வந்தது. மாரடைப்பில் இறந்தவர், மூளையைக் கொடுக்கும்படி உயிரோடு இருக்கும்போதே வீட்டில் சொல்லி வைத்திருந்தார். வெள்ளி ஸ்லைடில் நெற்றிப் பகுதி முழுக்க பிளேக். யார் பார்த்தாலும் முற்றிய அல்சைமர் என்பார்கள். ஆனால் குடும்பத்தார் நிரப்பிய படிவத்தில், கடைசி வாரம்வரை பாஸ்புக்கைத் தானே சரிபார்த்தார், பேரனுக்குக் கணக்கு சொல்லிக்கொடுத்தார் என்று எழுதியிருந்தது. பெரிய டாக்டர் ஸ்லைடைத் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னார்: "பிளேக்க மட்டும் பாத்துட்டு மனுஷன எடை போடாதப்பா. டௌ எங்க இருக்குன்னு பாரு."

டௌவுக்கு ஆன்டிபாடி போட்டு, பழுப்பு நிறம் வரும் முறையில் ஸ்டெயின் செய்தேன். என்டோரைனல் பட்டையில் மட்டும் கொஞ்சம் முடிச்சு. மற்ற இடமெல்லாம் சுத்தம். "நோயின் மாற்றங்கள் குறைவான நிலை" என்று ரிப்போர்ட் போயிற்று.

டாக்டர் சொன்னதற்குப் பின்னால் ஹெய்கோ பிராக், ஈவா பிராக் தம்பதி 1991இல் வகுத்த ஆறு நிலைகள் இருக்கின்றன. டௌ முடிச்சு என்டோரைனல் பகுதியின் ஓரத்தில் தொடங்கி, ஹிப்போகேம்பஸுக்குப் போய், அங்கிருந்து புறணி முழுக்கப் பரவுகிறது. அமிலாய்டோ நேர்மாறாக வெளிப்புறணியில் தொடங்கி உள்ளே இறங்குகிறது. மறதியின் கடுமையோடு ஒத்துப்போவது டௌ எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பதும், எத்தனை இணைப்புகள் அறுந்தன என்பதும்தான். பிளேக்கின் எண்ணிக்கை அவ்வளவாக ஒத்துப்போவதில்லை. அமெரிக்காவில் டேவிட் ஸ்னோடன் 678 கன்னியாஸ்திரிகளை வருடக்கணக்கில் பரிசோதித்து, இறந்த பிறகு அவர்களின் மூளையையும் ஆராய்ந்தார். மூளையில் மாற்றங்கள் நிறைந்திருந்தும் கடைசிவரை தெளிவாக இருந்தவர்கள் அவர்களிலும் உண்டு.

நேர் எதிரான அனுபவமும் வரும். அல்சைமர் என்றே பல வருடம் மருந்து சாப்பிட்ட ஓர் அம்மாவின் மூளை. பிளேக் இருந்தது, டௌவும் புறணிவரை போயிருந்தது. அதோடு ரிப்போர்ட்டை முடித்திருக்கலாம். மகள் எழுதிய படிவத்தில் ஒரு வரி இருந்தது: அறை மூலையில் குழந்தைகள் உட்கார்ந்திருப்பதாகச் சொல்வார், நடை விறைத்துப் போயிருந்தது. அந்த ஒரு வரிக்காகப் பெரிய டாக்டர் ஆல்ஃபா சைனூக்ளின் என்ற இன்னொரு புரதத்துக்கான ஸ்டெயின் போடச் சொன்னார். மூளைத்தண்டிலும் அமிக்டலாவிலும் அந்தப் புரதம் திரண்ட லூயி உருண்டைகள். ஒரே மூளையில் இரண்டு நோய். வயதானவர்களிடம் இந்தக் கலப்பு சகஜம். ரத்தக்குழாய் அடைப்பின் சிறு தழும்புகளும் சேர்ந்தே இருக்கும்.

ரிப்போர்ட் வாங்க மகள் வந்திருந்தார். "இல்லாத பிள்ளைங்களுக்குச் சோறு எடுத்து வைக்கச் சொல்லுவாங்க சார். காத்துக் கருப்புன்னு மந்திரிக்கக்கூடக் கூட்டிட்டுப் போனோம்."

"அது இந்த நோயோட அறிகுறிம்மா. நீங்க எழுதினதாலதான் நாங்க தேடினோம்," என்றார் டாக்டர். மகள் அந்தப் படிவத்தை ஒருமுறை வாங்கிப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

தொழிலில் பயமும் உண்டு. சில மாதங்களிலேயே மளமளவென்று முற்றிய மறதி என்று படிவத்தில் இருந்தால், சி.ஜே.டி. என்ற பிரியான் நோயாக இருக்கலாம் என்று எச்சரிக்கையாவோம். பிரியான் என்ற தொற்றும் புரதத்தைப் பார்மலின் அழிக்காது. திசுத் துண்டுகளை அடர் பார்மிக் அமிலத்தில் ஒரு மணி நேரம் வைத்த பிறகே மெஷினில் ஏற்றுவோம். கத்தி, கையுறை, தட்டு எல்லாம் தனி. இங்கேயும் வழி காட்டுவது வீட்டுக்காரர்கள் எழுதிய தேதிகள்தான்.

இப்போது காலம் மாறிவிட்டது. உயிரோடு இருப்பவரின் மூளையில் அமிலாய்டு இருப்பதை 2004க்குப் பிறகு பெட் ஸ்கேனில் பார்க்க முடிகிறது. ரத்தத்தில் டௌவின் ஒரு வடிவத்தை அளக்கும் சோதனைகளும் வந்துவிட்டன. அமிலாய்டைத் துடைத்தெடுக்கும் லெகனெமாப் மருந்துக்கு 2023இல் அமெரிக்கா அனுமதி கொடுத்தது. ஆரம்ப நிலை நோயாளிகளிடம் 18 மாதத்தில் சரிவின் வேகத்தை 27 சதவீதம் குறைத்தது. நின்றுவிடவில்லை, திரும்பவும் இல்லை. சிலருக்கு மூளையில் வீக்கமும் சிறு ரத்தக்கசிவும் வந்தன. படிவைத் துடைத்தும் நோய் நிற்காததைக் கேட்டபோது எனக்கு அந்தக் கணக்காளரின் ஸ்லைடுதான் ஞாபகம் வந்தது. படிவு சேரத் தொடங்குவது அறிகுறி தெரிவதற்குப் பதினைந்து இருபது வருடம் முன்னால். மருந்து வரும் நேரத்தில் டௌ பாதி தூரம் போயிருக்கும்.

ஆகவே இந்தத் தொழிலில் தலை நரைத்தவனாக இரண்டு விஷயம் கேட்டுக்கொள்கிறேன்.

ஒன்று, மூளைக் கொடை. கண் தானம் தெரியாத வீடு தமிழ்நாட்டில் குறைவு. மூளையைக் கொடுக்கலாம் என்பது பலருக்குத் தெரியாது. பெங்களூரு நிம்ஹான்ஸில் 1995இல் தொடங்கிய மனித மூளைத் திசு வங்கி நாட்டில் முன்னோடி. இறந்து ஒரு நாளுக்குள், முடிந்தால் சில மணி நேரத்திலேயே எடுத்தாக வேண்டும். அதனால் முன்கூட்டியே வீட்டில் பேசி வைப்பது அவசியம். முகம் சிதையுமோ என்று பயப்பட வேண்டாம். தலைமுடிக்குள் பின்பக்கமாக வெட்டித் தைத்துவிடுவார்கள். படுக்க வைத்தால் தெரியாது. நோயில்லாதவரின் மூளையும் தேவை. ஒப்பிட்டுப் பார்க்க அதுதான் அளவுகோல்.

இரண்டு, வீட்டில் பெரியவர்களின் மறதியை வயசுக் கோளாறு என்று தள்ளிவிடாதீர்கள். பி12 குறைவு, தைராய்டு, மனச்சோர்வு, தலையில் அடிபட்டதால் வந்த ரத்தக்கட்டு என்று சரிசெய்யக்கூடிய காரணங்களும் உண்டு. டாக்டரிடம் போவதற்கு முன் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். எந்தத் தேதியில் அடுப்பை அணைக்க மறந்தார், எப்போது தெருவில் வழி தவறினார், எந்த உறவின் பெயர் முதலில் போயிற்று, இல்லாத ஆளைப் பார்த்தாரா, நடை மாறியதா என்று நடந்ததை நடந்தபடி எழுதி வையுங்கள். ஸ்கேனோ ஸ்லைடோ பாதிதான் சொல்லும். மீதியைக் கூட இருந்து பார்த்தவர்கள்தான் சொல்ல வேண்டும்.